பறக்கும் கப்பலும் பால்மரத் தோட்டமும்

மலாய் மொழியில் ஆகாய விமானத்துக்குக் 'கப்பால் தெர்பாங்' என்று பெயர். தெர்பாங் என்றால் பறப்பது. கப்பால் என்பதோ நம்முடைய கப்பலேயாகும். கலம் செலுத்திக் கிழக்கே வந்த தமிழ் வணிகரோடு இந்நாட்டுத் துறைமுகங்களை அடைந்து, அங்கே புழங்கிப் புழங்கி மலாய்ச் சொல்லாகவே ஆகிவிட்ட தமிழ்ச் சொற்களுள் அது ஒன்று. 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய காலத்தில் இந்நகரில் தமிழ் வணிகர் பெருஞ்செல்வாக்கோடு இருந்தனர் என்பது வரலாறு கற்றோர் அறிந்ததே. கடலில் மிதந்த அச்சொல் நானூறு ஆண்டு கழித்து வானில் பறக்கத் தொடங்கியது. நம் மக்களும் முதலில் 'ஆகாயக் கப்பல்' என்றே சொன்னார்கள். இரு மொழியாரும் ஒரே விதமாக எண்ணியிருக்கிறார்கள். பாதிச் சொல்லும் ஒன்றாகவே அமைந்துவிட்டது.

வானில் செல்லும் ஊர்தி நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. செலுத்துவோன் இன்றித் தானே செல்லும் வானவூர்தியைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியைத் தமிழாசிரியர் எவரும் மாணவருக்குச் சொல்லாமல் விட்டிருக்கமாட்டார்கள். சச்சந்தன் அப்பொறியை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருந்தான். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்தபோது, கருவுற்றிருந்த விசயை அதில் ஏறித் தப்புகிறாள். பகைவனின் வெற்றி முரசு கேட்டு மயங்குகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். ஈண்டுக் கூர்ந்து நோக்கத் தக்கது ஒன்றுண்டு. திருத்தக்கதேவர் பொறியின் திறத்தைப் பாடியதோடு நின்றுவிடவில்லை. பொறியில் சென்றவளுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சுடுகாடு வரை பின்தொடர்ந்து சென்று சொல்கிறார். இக்காலத்தில் பழைய போர் விமானங்களை வைத்து நடத்தும் காட்சிகளில் சொல்லப்படும் வரலாற்றில் இந்தப் பின்பாதியைக் காண்பது அரிது.

அக்காட்சிகளைப் பற்றி முதலில் சில சொற்கள். இங்கிலாந்தில் கோடைக்காலம் வந்தால் சிற்றூர்த் திடல்களிலும் பழைய விமான நிலையங்களிலும் மக்கள் பிள்ளைகுட்டிகளோடு கூடி, இரண்டாம் உலகப் போரில் பறந்த விமானங்கள் மீண்டும் பறப்பதைக் கண்டு மகிழ்வது வழக்கம். இவற்றைப் பழுதுபார்த்துப் பறக்கும் நிலையில் வைத்திருப்பதற்கென்றே பிரிட்டிஷ் விமானப்படை 1957 சூலையில் ஒரு பிரிவை அமைத்தது. நம் நாடு விடுதலை பெறுவதற்கு ஏழு வாரங்களே இருந்த நேரம் அது. ஸ்பிட்பயர், லங்காஸ்டர், டக்கோட்டா ஆகிய பெயர்கள் அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் பாடம். நம் நாட்டில் லங்காவியில் 1991 முதல் பெரிய வான்காட்சி நடந்து வருகிறது. ஆனால் அங்கே புதிய விமானங்களின் விற்பனையே முதன்மையானது. தமிழகத்திலோ 2024 அக்டோபர் 6-ஆம் நாள் சென்னைக் கடற்கரையில் இந்திய விமானப்படை தன் 92-ஆம் ஆண்டு விழாக் காட்சியை நடத்தியது. புதிய போர் விமானங்களுக்கிடையே பழைய டக்கோட்டா ஒன்றும் ஆர்வார்டு ஒன்றும் பறந்தன. பல இலட்சம் மக்கள் கூடினர். கடும் வெயிலிலும் நெரிசலிலும் ஐவர் உயிரிழந்தனர். வானில் நடந்ததைப் படம் பிடித்தவர் எத்தனையோ பேர். தரையில் நடந்ததைத் தனியே விசாரித்துத்தான் அறிய வேண்டியிருந்தது.

பழைய விமானத்தின் முன் நின்று, அது எந்தப் போரில் எந்த வீரனைச் சுமந்தது என்று கேட்பது இயல்பு. அது எந்த மண்ணின் மேல் பறந்தது, கீழே இருந்தவர் யார் என்று கேட்பவர் சிலரே. அப்படிக் கேட்டால் விடை நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஏனெனில், இன்று உலகெங்கும் அரும்பொருளாகப் போற்றப்படும் அந்த விமான வகைகளுள் பல, தம் கடைசிப் போர்ப்பணியைச் செய்தது மலாயாவின் காடுகளுக்கும் தோட்டங்களுக்கும் மேலேதான். ஐரோப்பாவில் பிறந்து, பர்மாவில் வளர்ந்து, மலாயாவில் ஓய்ந்தவை அவை. இதனை விளக்குவதற்கு முன் கதையைச் சற்றுப் பின்னே இழுத்துச் செல்ல வேண்டும்.

விமானம் கீழ்த்திசைக்கு வந்தபோது வேடிக்கைப் பொருளாகவே வந்தது. சென்னையில் விடுதி நடத்திவந்த டி ஆஞ்சலிஸ் என்பவர் தாமே திட்டமிட்டு, சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு ஒரு விமானம் செய்வித்து, 1910 மார்ச்சில் பறந்து காட்டினார். தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்திய அதைத் தமிழ்நாட்டின் முதல் வான்காட்சி என்று சொல்லலாம். மறு ஆண்டு, 1911 மார்ச்சு 16-ஆம் நாள், பெல்ஜிய நாட்டினரான ஜோசப் கிறிஸ்டியான்ஸ் சிங்கப்பூரில் பாரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பெட்டிப் பட்டம் போன்ற விமானத்தில் எழும்பினார்.

அந்த 1910, 1911 ஆண்டுகள் மலாக்காத் தமிழருக்கு வேறொரு காரணத்தால் முக்கியமானவை. 1896-இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்பு புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. மலாயாவில் வாணிக நோக்கோடு பயிரிட்ட முதல் ரப்பர்த் தோட்டம் மலாக்கா மண்ணிலேதான் உண்டாயிற்று. 1910-இல் இலண்டன் சந்தையில் ரப்பர் விலை இராத்தலுக்கு 12 ஷில்லிங்குக்கு மேல் ஏறியது. தோட்டங்கள் பெருகின, ஆள் வேண்டும் என்று கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்றனர். விமானத்துக்கும் ரப்பருக்கும் தொடக்கத்திலேயே உறவுண்டு. அக்கால விமானங்கள் தரையில் மோதி இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவதற்குச் சக்கர அச்சில் ரப்பர்க் கயிறுகளையே சுற்றியிருந்தார்கள். சக்கரத்துக்கும் ரப்பர்தான். இரண்டாம் உலகப் போரில் அது இன்னும் உள்ளே புகுந்தது. எண்ணெய்த் தொட்டியைத் துப்பாக்கிக் குண்டு துளைத்தால் விமானம் தீப்பற்றும் அல்லவா? அதைத் தடுக்கப் பதப்படுத்தாத ரப்பரைத் தொட்டியின் சுவரில் ஓர் அடுக்காக வைத்தார்கள். துளை விழுந்தவுடன் கசியும் பெட்ரோல் பட்டு ரப்பர் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். எளிய உபாயம். ஆனால் எத்தனை விமானிகளின் உயிரை அது காத்தது! விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் வெட்டியவர்கள் வடித்த பால் அது. விமானியின் வீரத்தைச் சொல்லும் நூல்கள் இந்தப் பாலைச் சொல்வதில்லை.

சப்பானியர் மலாயாவை நாடியதற்கும் அந்த ரப்பரும் ஈயமும் பெருங்காரணங்கள். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் அவர்கள் கோத்தா பாருவில் இறங்கினர். அன்று விடியுமுன்னே சிங்கப்பூரின் மேல் குண்டு விழுந்தது. மலாயாவின் காவலைப் பெரும்பாலும் விமானங்களிடமே விட்டுவிடலாம் என்று முன்பு திட்டமிட்டிருந்த பிரிட்டிஷார், அதற்கு 336 விமானங்கள் வேண்டும் என்று 1940-இல் கணக்கிட்டனர். போர் தொடங்கிய நாளில் இருந்தவை ஏறத்தாழ 158. அவற்றுள் சண்டைக்குரிய பஃபலோ விமானம் சப்பானியரின் விமானத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. டிசம்பர் 10-ஆம் நாள் 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களை வானிலிருந்தே மூழ்கடித்தார்கள். மறுநாள் பினாங்கு நகரில் நடந்தது கொடுமை. குண்டு வீச்சை அறியாத மக்கள் தெருவில் நின்று விமானங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். காட்சி என்று எண்ணி நின்ற கூட்டத்தின் மேல் குண்டு விழுந்தது. இவ்வொரு செய்திக்காகவேனும் பினாங்கை நாம் மறக்கலாகாது: வான்காட்சியும் வான்தாக்குதலும் கீழிருந்து பார்ப்பவனுக்கு முதல் நிமிடத்தில் ஒன்றுபோலவே தோன்றும்.

1942 சனவரி நடுவில் சப்பானியர் மலாக்காவுக்குள் வந்தனர். அதே வாரத்தில் எல்லைக்கு அப்பால் கெமெஞ்சே பாலத்தருகிலும், தெற்கே மூவாரிலும் கடும் போர் நடந்தது. பெரும்பாலும் மிதிவண்டியில் வந்த படை அது. டயர் கிழிந்தபோது வெறும் இரும்பு வளையத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்களாம், ரப்பர் விளையும் நாட்டில்! பின்பு நேர்ந்தவை நம் குடும்பங்கள் தோறும் பேசப்படுபவை. தோட்டங்களிலிருந்து ஆட்களைப் பிடித்துச் சயாம் மரண இரயில் பாதைக்கு அனுப்பினர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபர் 17-ஆம் நாள் இணைந்தது. அதைக் கட்டும்போது நோயாலும் பசியாலும் மாண்ட தமிழர் ஆயிரமாயிரம். கட்டி முடிந்தபின் நேசநாட்டு விமானங்கள் அதன் பாலங்களைக் குண்டு வீசித் தகர்த்தன. அருகில் முகாம்களில் இருந்தவர்களும் அக்குண்டுகளுக்குத் தப்பவில்லை. குண்டு வீசியவற்றுள் முதன்மையானது லிபரேட்டர் என்னும் நான்கு பொறி விமானம். இவ்விமானங்களைப் போருக்குப் பின் இந்திய விமானப்படை செப்பனிட்டு 1968 வரை பயன்படுத்தியது. இன்று இலண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லிபரேட்டர் அப்படி இந்தியாவிலிருந்து போனதே. அதன் முன் நிற்கும் பார்வையாளருள் சயாம் பாதையில் பாட்டனை இழந்தவர் எவரேனும் இருப்பாராயின், அவர் காண்பது மற்றவர் காணும் விமானமாக இராது.

இனி நம் பொருளின் நடுவிடத்துக்கு வருவோம். 1948 சூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் சென்ற கம்யூனிஸ்டுப் படையினரை எதிர்க்கப் பிரிட்டிஷ் விமானப்படை 'பயர்டாக்' என்று பெயரிட்ட நடவடிக்கையைத் தொடங்கியது. ஐரோப்பாவிலே அப்போது ஜெட் விமானங்கள் வந்துவிட்டன. மலாயாவுக்கு உலகப் போரில் உழைத்துத் தேய்ந்தவையே முதலில் கிடைத்தன. 1948 சூலையில் காட்டைத் தாக்கியவை ஸ்பிட்பயர்கள். 1940-இல் இலண்டனைக் காத்ததாகப் புகழ்பெற்ற அதே வகை. அவற்றின் கடைசித் தாக்குதல் 1951 சனவரி முதல் நாள் மலாயாவில் நடந்தது. படமெடுக்கும் ஸ்பிட்பயர் மட்டும் சில ஆண்டு நீடித்தது. 1954 ஏப்ரல் முதல் நாள் சிங்கப்பூரின் செலேத்தார் தளத்திலிருந்து எழும்பி, ஜொகூர்க் காட்டில் மறைவிடங்களைத் தேடிப் படமெடுத்துத் திரும்பிய விமானமே, பிரிட்டிஷ் விமானப்படையில் போர்ப்பணி செய்த கடைசி ஸ்பிட்பயர். அதன் மூக்கில் 'கடைசி' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள். மரத்தால் செய்த மஸ்கீட்டோ விமானத்தின் கடைசிப் போர்ப்பறப்பு 1955 டிசம்பர் 15, அதுவும் செலேத்தாரிலிருந்துதான். சண்டர்லேண்டு என்னும் கடல் விமானம் 1959 மே மாதத்திலும், பியூபைட்டர் 1960 மே மாதத்திலும் அங்கேயே இறுதியாகப் பறந்தன. போர் விமானங்களுக்கு முதியோர் இல்லம் என ஒன்று இருந்ததாயின், அது ஜொகூர் நீரிணையின் கரையில் இருந்தது.

முதியோரை இந்நாட்டு வெயிலும் மழையும் மிகவும் வருத்தின. மரப் பலகைகளைப் பசையால் ஒட்டிச் செய்தவை மஸ்கீட்டோவும் ஆர்னெட்டும். ஈரக்காற்றில் பசை விட்டது, மரம் உளுத்தது. மலாயாவில் பணிசெய்து முடித்த ஆர்னெட் விமானங்களை இங்கேயே உடைத்துப் போட்டார்கள். உலகில் இன்று முழு ஆர்னெட் ஒன்றுகூட இல்லை. எந்த வான்காட்சியிலும் அதைப் பார்க்க இயலாது. பிரிகண்டு என்னும் குண்டு வீச்சு விமானத்தின் கதை இன்னும் இரங்கத்தக்கது. தாக்குவதற்குச் சரிந்து பாயும்போது வேகத்தைக் குறைக்க அதன் இரு இறக்கைகளிலும் தடைகள் உண்டு; அவற்றை விரிப்பவை தோலால் ஆன துருத்திகள். ஈரத்தில் தோல் மக்கிவிட்டால் ஒருபுறத் தடை மட்டும் விரியும். விமானம் முறுக்குண்டு இறக்கை முறியும். இப்படி மாண்ட விமானிகளும் உண்டு. அவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். கீழே இருந்தவர்களைப் பற்றி எழுதுவதால் மேலே இருந்தவர்களின் உயிரை மலிவாக எண்ணுவதாகாது.

கீழே இருந்தவர் நிலை யாது? காட்டோரத்து மக்களை ஓரிடத்தில் சேர்த்துக் காவலுக்குள் வைக்க வேண்டும் என்பது 1950-இல் வகுத்த பிரிக்ஸ் திட்டம். சீனர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டதை எல்லா நூல்களும் விரிவாகச் சொல்கின்றன. தோட்டத் தொழிலாளரின் லயங்களையும் நெருக்கிச் சேர்த்து முள்கம்பி வேலி போட்டதைச் சில வரிகளில் முடித்துவிடுகின்றன. வேலிக்கு வாயில் ஒன்று, இரவில் ஊரடங்கு, காலையில் வாயிலில் சோதனை. காட்டில் உள்ளவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, வேலைக்குப் போகிறவர் உணவு கொண்டுபோகவே தடை இருந்தது. இருட்டில் எழுந்து நண்பகல் வரை மரத்தோடு போராடுகிறவள் ஒரு வாய்ப் பழஞ்சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது! அவசரகாலம் என்ற சொல்லுக்குத் தோட்டத்து அகராதியில் முதற்பொருள் இதுவாகத்தான் இருக்க முடியும்.

அந்த வேலிக்குள் இருந்தபடியே அவர்கள் விமானங்களைக் கண்டனர். குண்டு வீச்சு பெரும்பாலும் பகாங், நெகிரி செம்பிலான், ஜொகூர், பேராக் காடுகளின் மேல் நடந்தது. பிற விமானங்கள் வேறு வேலைகளைச் செய்தன. பாதையில் பதுங்கியிருந்து சம்பளப் பணத்தைப் பறித்ததால், நாட்டின் சில தோட்டங்களுக்குச் சிறு விமானத்திலிருந்து பணப்பையைப் போட்டார்கள். துரையின் மோட்டார் வண்டியில் வந்த கூலி ஆகாயத்திலிருந்து விழுந்தது. தொகை மட்டும் கூடவில்லை. ஆஸ்டர் என்னும் சிறு விமானம் மரங்களின் தலையை உரசுவதுபோல் தாழ்ந்து சென்று வேவு பார்த்தது. இவை எல்லாவற்றினும் வியப்பானது பேசிய விமானம்.

1952-இன் இறுதியில் தொடங்கி, விமானத்தின் அடியில் பெரிய ஒலிபெருக்கிகளைப் பொருத்திக் காட்டுக்கு மேல் பறக்கவிட்டார்கள். முதலில் வாலெட்டா என்ற வகையைச் சோதித்தனர். அது விரைவு மிகுந்ததாகவும் இரைச்சல் மிகுந்ததாகவும் இருந்ததால் பழைய டக்கோட்டாவே பொருத்தம் என்று கண்டனர். மெதுவாகச் செல்ல வல்லது என்பதே கிழவிக்கு வந்த மதிப்பு. சில ஆயிரம் அடி உயரத்தில் வட்டமிட்டபடி, அரை நிமிடத்துக்கு மேற்படாத சிறு செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். சரணடைந்தவர்களையே பேசவைத்து, காட்டில் இருக்கும் தோழரைப் பெயர் சொல்லி அழைத்ததும் உண்டு. பேச்சு பெரும்பாலும் சீன மொழியின் பல வழக்குகளில் இருந்தது. மலாயிலும் தமிழிலும் இருந்தது. துண்டறிக்கைகளும் அவ்வாறே பல கோடியாகக் கொட்டப்பட்டன. சரணடைய வருவோர் கையில் காட்டுவதற்கான பாதுகாப்புச் சீட்டில் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகள் ஒரே தாளில் நின்றன. அந்தத் தாளைப் பையில் வைத்திருந்தவன் தன் கூட்டத்தாரிடம் அகப்பட்டால் உயிர்போகும். இராணுவத்திடம் காட்டினால் உயிர் மிஞ்சும்.

தமிழ் எதற்கு என்று கேட்கலாம். காட்டுப் படையில் தமிழர் தொகை சிறிது. ஆனால் தொழிற்சங்க இயக்கத்தில் தமிழர் முன்னணியில் இருந்தனர். மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்; அவருடைய தோழர் வீரசேனன் அதற்கு முந்திய நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்திய அரசு கணபதிக்காக வேண்டியும் பயன் விளையவில்லை. தோட்டங்களில் இச்செய்தி எரிந்துகொண்டிருந்த காலத்தில்தான் வானிலிருந்து தமிழ் விழத் தொடங்கியது. காட்டில் இருந்த சில தமிழருக்காக மட்டும் அச்சிட்டார்கள் என்று கொள்வது எமக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. வேலிக்குள் இருந்த பல்லாயிரம் தமிழரும் அதைப் படிப்பர் என்பதை அரசு அறிந்தே இருந்திருக்கும்.

தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் செய்தித்தாளையும் நாவலையும் மேடைப் பேச்சையும் ஆராய்கின்றனர். வானிலிருந்து விழுந்த தமிழையும் ஆராய்தல் வேண்டும். ஆங்கிலேய அதிகாரியின் திட்டம், மொழிபெயர்ப்பாளரின் தமிழ், எழுத்தறிந்த ஒருவர் படிக்க லயத்து முற்றத்தில் சுற்றிநின்று கேட்ட கூட்டம் என்று மூன்று படிகளைக் கடந்து வந்த உரைநடை அது. எந்தச் சொல்லால் அழைத்தார்கள்? 'நீ' என்றார்களா, 'நீங்கள்' என்றார்களா? சரணடைவதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை இட்டார்கள்? இவ்வினாக்கள் இலக்கண வினாக்கள் போலத் தோன்றினாலும், ஆட்சியாளர் தோட்டத் தமிழரை எவ்வாறு எண்ணினர் என்பதற்கு இவையே நேரான சான்று.

மலாக்காவுக்கு இக்கதையில் தனியிடம் உண்டு. 1953 செப்டம்பர் 3-ஆம் நாள், உயர் ஆணையர் டெம்பிளர் மலாக்காவின் ஒரு பகுதியை 'வெள்ளைப் பகுதி' என்று அறிவித்தார். மலாயாவிலேயே முதன்முதலாக அவ்வாறு அறிவிக்கப்பட்ட இடம் அது. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அங்கே நீங்கின; காட்டுப் படையினர் மீண்டும் தலைகாட்டினால் கட்டுப்பாடுகளும் மீளும் என்ற எச்சரிக்கையும் கூடவே இருந்தது. பெரிய நூல்கள் இதை ஆட்சியின் வெற்றியாக எழுதுகின்றன. தோட்டத்துப் பெண் மறுநாள் காலை தூக்குச் சட்டியில் சோறு கொண்டு போனாள் என்று எழுதுவதே எமக்கு உவப்பு. கட்டுப்பாடு நீங்கிய எல்லைக்கோட்டுக்கு உள்ளே இருந்த தோட்டத்துக்கும் வெளியே இருந்த தோட்டத்துக்கும் உறவு எப்படி இருந்திருக்கும்? ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் வேலை செய்திருக்கலாம் அல்லவா?

இதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். 1953-இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் எண்பதைக் கடந்துவிட்டார். ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், டுரியான் துங்கால், பத்தாங் மலாக்கா வட்டாரத் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால், மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிவரச் செய்யலாம். வேலி எங்கே இருந்தது? வானிலிருந்து விழுந்த தாளை எடுத்தீர்களா? எடுத்தபோது என்ன சொன்னார்கள்? தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனையாக மாறியும் லயங்கள் இடிக்கப்பட்டும் போன பின்பு, வேலி எங்கே இருந்தது என்பதை மண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மலாக்கா மக்கள் அச்சமின்றி ஆகாயத்தை அண்ணாந்து பார்த்த ஒரு நாளையும் குறித்தல் வேண்டும். இலண்டனில் விடுதலைப் பேச்சை முடித்துக்கொண்ட துங்கு அப்துல் ரகுமான், 1956 பிப்ரவரி 20-ஆம் நாள் மலாக்காவின் பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் வந்திறங்கினார். அங்கிருந்து ஊர்வலமாகப் பண்டார் ஈலிர்த் திடலுக்குச் சென்று, 1957 ஆகஸ்டு 31 என்ற நாளை மக்கள் முன் அறிவித்தார். ஒரு சிற்றூர் விமானத் திடலில் ஒரு விமானம் இறங்கியது. அதைக் காணவும் அதில் வந்தவரைக் காணவும் கூட்டம் கூடியது. வித்தை காட்டாத வான்காட்சி என்றால் அதுவே. குண்டுக்கும் தாளுக்கும் வேவுக்கும் வந்த விமானம், நாள் குறித்துச் சொல்லவும் வந்தது. இரண்டாண்டு கழித்து, 1958 சூன் 2-ஆம் நாள், நாட்டின் சொந்த விமானப்படை அமைந்தது. அதன் முதல் விமானமான இரட்டைப் பொறிப் பயோனியருக்குத் துங்கு 'லாங் ராஜாவாலி' என்று கழுகின் பெயரிட்டார். குறுகிய திடலிலும் இறங்கி எழ வல்ல வகை அது. அவசரகாலக் காட்டுத் தளங்களின் தேவை கற்பித்த பாடம். அவசரகாலம் 1960 சூலை 31-இல் முடிவடைந்தது.

பத்து பெரெண்டாம் திடல் பின்னர் விரிவாக்கப்பட்டது. 1987-இல் தொடங்கிய விமானப் பயிற்சிக் கழகம் ஒன்று அங்கே நடைபெறுகிறது. விமானியாக விரும்பும் இளைஞர் சிறு விமானங்களில் ஏறி, மலாக்காவின் ஊர்களுக்கும் செம்பனை வரிசைகளுக்கும் மேலே வட்டமிட்டு இறங்கக் கற்கிறார்கள்.